ஆறாவது மாடிக்காக வாங்கிய பெட்டி

லிஃப்ட்காரருக்கு அலுவலகத்தில் ‘மெதுவா’ என்று பெயர். யார் எதைத் தொட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற சொல் அதுதான். கதவைத் திறந்தால் மெதுவா, ஸ்பேனரை நீட்டினால் மெதுவா, டம்ளரைக் கீழே வைத்தால் மெதுவா. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு திருகாணியைக்கூடத் தொலைத்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் கையில் ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு லேப்டாப் செத்துப்போயின. போதாத காலம் பொறுமைசாலிகளையும் விட்டுவைப்பதில்லை போலிருக்கிறது.

லிஃப்டுக்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்தக் காலத்து லிஃப்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அது மனிதரிடம் வாயைத் திறக்காது. மொட்டைமாடி அறையில் இருக்கும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கம்பியைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் செருகினால்தான் எந்த மாடிக் கதவு எத்தனை மணிக்கு முரண்டு பிடித்தது என்று வரிசையாக ஒப்பிக்கும். லேப்டாப் இல்லாத லிஃப்ட்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள்தான்.

முதல் லேப்டாப் போன கதை சுருக்கமானது. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்திருந்தது சறுக்கிக்கொண்டு ஒன்பது மாடி ஆழத்துக்குப் போய்விட்டது. அது தரையைத் தொட்ட சத்தம் கேட்கும்வரை மனிதர் மூச்சே விடவில்லை. இரண்டாவது போனதில் அவர் தப்பு எதுவும் இல்லை. துணிப்பையில் போட்டு ஓரமாகத்தான் வைத்திருந்தார். கூட வேலை செய்யும் மீசை ஏணியிலிருந்து குதித்தபோது பூட்ஸ் காலோடு நேராக அதன்மேல் இறங்கினான். மீசைக்கு இப்போது மீசை கிடையாது. மழித்து ஆறு வருடமாகிறது. பெயர் மட்டும் உதட்டை விட்டுப் போகவில்லை. பூட்ஸ் மீசையுடையதுதான் என்றாலும், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்தது மெதுவாவின் பெயர்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மெதுவாவைவிடப் பத்து வயது சின்னவர், கோபப்படவே தெரியாதவர். அதனாலேயே அவர் சொன்னது இன்னும் பயமாக இருந்தது.

“உங்களைத் திட்டணும்னு எனக்கு ஆசை இல்லை. ஆனா நான் மேல பதில் சொல்லணும். இன்னொண்ணு போச்சுன்னா உங்களை ஃபோன் மேஜைக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி கிடையாது. அந்த நாற்காலியும் கொஞ்ச நாள்ல காலியாகப் போகுது.”

ஃபோன் மேஜை என்பது ‘எங்க லிஃப்ட் நின்னு போச்சு’ என்று கூப்பிடுகிறவர்களின் வசவை வாங்கிக்கொண்டு, எந்த லிஃப்ட்காரர் எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுகிற வேலை. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. கையில் கிரீஸ் படாது. ஐம்பத்தொரு வயதில், முட்டி வலியோடு, பழுதான லிஃப்டைச் சரிசெய்ய எல்லா மாடியும் படியேறிப் போகிற ஒருவருக்கு அது வரம் என்றுதான் மற்றவர்கள் சொன்னார்கள். மெதுவாவுக்கோ அது தண்டனையாகத் தெரிந்தது. காரணம், அவருடைய அக்கா.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸும் ஒரு ஊன்றுகோலுமாக ஐம்பத்தாறு வயதுவரை நடந்து வந்துவிட்டார். கண் மருத்துவமனை ஒன்றில் டோக்கன் கொடுக்கிற வேலை. மந்திரி வந்தாலும், மருத்துவரின் மாமியார் வந்தாலும், “டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க” என்று ஒரே குரலில் சொல்லுவார். அந்தக் குரலுக்கு அஞ்சாதவர் அந்த மருத்துவமனையில் யாரும் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு அக்கா வீடு தேடியபோது ஒரே கட்டடத்தில் இரண்டு வீடு காலியாக இருந்தது. தரைத்தள வீட்டில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும், சுவரெல்லாம் ஈரம். ஆறாவது மாடி வீட்டில் இரண்டு பக்கமும் ஜன்னல். உள்ளே நுழைந்தாலே வெளிச்சம் மேலே வந்து விழும். அக்கா அந்த ஜன்னலருகே ரொம்ப நேரம் நின்றார். பிறகு ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு, “கீழ் வீடே போதும்டா” என்றார். அப்போது மெதுவா சொன்னார்:

“அக்கா, இது என் லிஃப்ட். என் கணக்குல இருக்கிற கட்டடம். நான் இருக்கிற வரைக்கும் நீ ஒரு படி ஏற வேண்டாம்.”

சொல்லிவிட்டார். வாயில் வந்த வார்த்தை அக்காவின் வீடாகிவிட்டது. அந்த லிஃப்டும் லேசுப்பட்டது இல்லை. மாதம் ஒருமுறையாவது மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு அடம்பிடிக்கும். மெதுவா அரை மணி நேரத்தில் ஆஜராகிவிடுவார். வேறொருவர் கையில் அந்தக் கட்டடம் போனால் இரண்டு நாள்கூட ஆகலாம்; மற்ற கட்டடங்களில் அதுதான் நடக்கிறது. அந்த இரண்டு நாள் அக்கா எங்கே இருப்பார்?

ஆகையால் ஒரு விடுமுறை நாளில், அலுவலகம் புதிதாகக் கொடுத்த மூன்றாவது லேப்டாப்பை அளந்த அளவுகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு, அதை உயிரோடு காப்பாற்றுகிற பெட்டி ஒன்றை வாங்கக் கிளம்பினார்.

கடைக்காரம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கேமரா, இசைக்கருவி, பல் மருத்துவரின் கருவி என்று எதைக் கொண்டுபோனாலும் அதற்கொரு பெட்டி வைத்திருக்கிற கடை. முதலில் பளபளவென்று ஒரு அலுமினியப் பெட்டியை எடுத்துப் போட்டார். மெதுவா அதன் மூலைகளைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு தடவை கீழே விழுந்து மூலை நசுங்கிச்சுன்னா மூடி சரியா உட்காராதுங்களே.”

“அது உண்மைதான்,” என்று கடைக்காரம்மா அதை ஒதுக்கிவிட்டு, மெல்லிய ஓடு போட்ட, ஜிப் வைத்த ஒன்றைக் காட்டினார். பார்க்க லட்சணமாக, எடை இல்லாமல் இருந்தது. மெதுவா ஜிப்பை நாலு தடவை இழுத்தார்.

“ஓடு தாங்கும். ஜிப்பு தாங்காது.”

மூன்றாவதாக வந்தது கறுப்பு. தடித்த பிளாஸ்டிக். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை, முன்பக்கம் இரண்டு கொக்கி, ஓரத்தில் உள்ளே அடைபட்ட காற்றை விடுவிக்க ஒரு சின்னத் திருகு. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மெதுவா சொந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைப்பிடியைத் திருகால் மட்டும் முடுக்கியிருக்கிறார்களா, உள்ளே கம்பி ஓடுகிறதா என்று பார்த்தார்; கம்பி ஓடியது. கொக்கியை நாற்பது தடவை திறந்து மூடினார். ஒரு தாளை மூடியின் இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். நாலு பக்கமும் தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் மேல் ஏறி நின்றார். அது ‘க்ரிச்’ என்று ஒரே ஒரு முறை முனகிவிட்டுப் பேசாமல் இருந்தது.

“இறங்குங்க, கூட்டம் சேருது,” என்றார் கடைக்காரம்மா.

அவர் இறங்கி, பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு முட்டை வாங்கி வந்தார். முட்டைகளை ஸ்பாஞ்சுக்கு நடுவில் வைத்து மூடி, கடையின் படிக்கட்டிலிருந்து பெட்டியை உருட்டிவிட்டார். பதினொரு படி. கீழே போய்த் திறந்தால் இரண்டு முட்டையும் ஒரு விரிசல்கூட இல்லாமல் முழுசாக இருந்தன.

“நீங்க லேப்டாப்புக்கு வாங்குறீங்களா, முட்டை வியாபாரம் பண்ணப் போறீங்களா?” என்று கேட்டார் கடைக்காரம்மா. ஆனாலும் அவருக்கு இந்த ஆளைப் பிடித்துவிட்டது. பெட்டியைக் கட்டும்போது அக்கறையாக ஒன்று சொன்னார். “உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சு குட்டிக் குட்டிக் கட்டமா வெட்டியிருக்கும். உங்க சாமானோட அளவுக்குப் பிச்சு எடுத்துக்கணும். பிச்சா திரும்ப ஒட்டாது, யோசிச்சுப் பண்ணுங்க. சுத்தி ஒரு வரிசை காத்தோட்டத்துக்கு விட்டுடுங்க. மிஷினு பாருங்க, அதுக்கும் மூச்சு வேணும்.”

மெதுவா தலையாட்டினார். காதில் வாங்கியதெல்லாம் மனதில் ஏறிவிடுவதில்லை. காரணம், அவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்துக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி கூடினால் ஆட்டம். ஆட்டம் வந்தால் சத்தம். சத்தம் வந்தால் தேய்மானம். இருபத்திரண்டு வருடமாக ஆட்டத்தைத்தான் எதிரியாக நினைத்து வாழ்கிறார். அவரிடம் போய் இடைவெளி விடு என்றால் எப்படி?

வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் பெட்டியைத் திறந்து வைத்தார். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர். கண்ணாடிக் குடுவைகளோடு காலம் தள்ளுவதால் நிதானத்தில் கணவருக்குச் சளைத்தவர் இல்லை. இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து, ஆளுக்கொரு இடுக்கியால் ஸ்பாஞ்சுக் கட்டங்களைப் பிடுங்கினார்கள்.

“இந்தப் பக்கம் ஒரு வரிசை விடணும்னு அந்தம்மா சொன்னாங்கன்னீங்களே?”

“விட்டா ஆடும்.”

“ஆடினா என்னங்க, ஸ்பாஞ்சுதானே?”

“ஆடினது எதுவும் உருப்பட்டதில்லை.”

மனைவி அடுத்த கட்டத்தைப் பிடுங்கினார். முடித்துவிட்டு லேப்டாப்பை உள்ளே அழுத்தினார்கள். எள் விழ இடமில்லை. மெதுவா பெட்டியைக் காதருகே தூக்கிக் குலுக்கினார். சின்னச் சத்தம்கூட இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து மனைவி, “அக்காவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க,” என்றார். சொன்னார். அக்கா, “வெயிட் எவ்வளவுடா?” என்று மட்டும் கேட்டார். நாலு கிலோ என்றதும், “உன் முட்டி பாவம்,” என்றார்.

பெட்டி வந்த இரண்டாவது வாரம் பைக் வழுக்கி மெதுவா ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். பின்னால் வந்த தண்ணீர் வண்டி பெட்டியைச் சக்கரத்தால் இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. மெதுவாவுக்கு முழங்கை தோல் உரிந்தது. பெட்டிக்கு ஒரு கீறல். உள்ளே லேப்டாப் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. இந்தச் செய்தி அலுவலகத்தில் பரவியதும் அவர் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. மீசை உட்பட ஐந்து பேர் அதே கடையில் அதே கறுப்புப் பெட்டியை வாங்கினார்கள். பெட்டியின் குணநலன்களை மெதுவா ஒவ்வொருவரிடமும் விளக்கினார். ஒரு நூல்கூட இடைவெளி விடக் கூடாது என்றும் சொன்னார்.

இங்கேதான் லிஃப்ட்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்களில் யாரும் பகலில் லேப்டாப்பை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி உயிர் வர பத்து நிமிடம் ஆகும். கடவுச்சொல் கேட்கும், கம்பெனிக்காரனா என்று கேட்கும், யுஎஸ்பி சாவி எங்கே என்று கேட்கும். அந்தப் பத்து நிமிடமும் கட்டடத்துக்காரர்கள் சுற்றி நின்று, “இன்னுமா ஆகலை?” என்பார்கள். அதனால் வேலை முடிந்ததும் மூடியை மட்டும் மடக்கி, தூங்கவைத்து, அடுத்த கட்டடத்தில் தட்டி எழுப்பிக்கொள்வார்கள். துணிப்பை இருந்த காலத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சூடு துணி வழியாகப் போய்விடும்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம், அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது.

“டேய், உன் லிஃப்ட் படுத்துடுச்சு. நான் கீழதான் நிக்கிறேன். அவசரமில்லை, மெதுவா வா.”

பக்கத்துப் பகுதியில் ஒரு கட்டடத்தில்தான் வேலை முடித்திருந்தார். லேப்டாப்பை மடக்கிப் பெட்டியில் அழுத்தி மூடி, பைக்கின் பின்னால் கட்டினார். வழியில் ஒரு ரயில்வே கேட். முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. போய்ச் சேர்ந்தபோது அக்கா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உட்கார ஒரு இடம் கிடையாது. படியில் உட்கார்ந்தால் இரும்புப் பட்டையோடு எழுந்திருக்க முடியாது. மெதுவா அக்காவைப் பார்த்ததும் பார்க்காததுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி வரைக்கும் ஏறினார்.

கொக்கிகளைத் தட்டினார். உள்ளிருந்த அழுத்தத்தில் அவை இளகவில்லை. ஓரத்துத் திருகைத் திருகியதும் ‘உஸ்’ என்று காற்று வந்தது. திறந்தால், அடுப்பைத் திறந்தாற்போல் முகத்தில் சூடு அடித்தது. லேப்டாப்பைத் தொட முடியவில்லை. மூடியின் உட்பக்கம் ஸ்பாஞ்சு உருகிக் கறுப்பாக ஒட்டியிருந்தது. பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு அந்த அறையின் தரையில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

கீழே இறங்கி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அக்காவுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“மூணாவதா?”

“ஆமாக்கா.”

“எப்படிடா? எங்கேயாவது விழுந்துச்சா?”

“விழலை. நான்தான் கொன்னுட்டேன்.”

மீசை தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும். மூன்று மணி நேரமாகும். அக்காவின் கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, மெதுவா பெட்டியைச் சுவரோரமாகச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த வேலைக் கோட்டை மடித்துப் போட்டார். அக்கா சந்தேகத்தோடு பார்த்தார்.

“தாங்குமா?”

“நான் ஏறி நின்னு பார்த்திருக்கேன். தாங்கும்.”

அக்கா உட்கார்ந்தார். ‘க்ரிச்’ என்று ஒரு முறை முனகல், அவ்வளவுதான். உயரம் அளந்து செய்ததுபோல் இருந்தது. இரும்புப் பட்டை போட்ட கால் மடங்காமல் நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. அவர் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, “மூணு லேப்டாப்புக்கு இப்பதான் ஒரு நல்ல நாற்காலி கிடைச்சிருக்கு,” என்றார். மெதுவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

லேப்டாப் பழுது பார்க்கிறவர் இரண்டு நாளில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த லேப்டாப் தானாக விழித்து ஏதோ வேலை பார்க்க ஆரம்பித்திருக்கிறது. சூடு போக வழியில்லை; வெயில் வேறு. வெந்துவிட்டது.

மேலாளர் அறைக்குப் போகும் வழியில் மீசை அவரை மடக்கினான்.

“அண்ணே, அணைச்சுட்டுத்தான் வெச்சேன்னு சொல்லிடுங்க. மிஷின்லதான் கோளாறுன்னு போயிடும். யாருக்குத் தெரியப் போகுது?”

“உன் பெட்டிக்குள்ள இப்ப என்னடா இருக்கு?”

“லேப்டாப்தான்.”

“அணைச்சிருக்கியா?”

மீசை பைக்கை நோக்கி ஓடினான்.

அதுதான் மெதுவாவின் சங்கடம். பொய் சொன்னால் ஃபோன் மேஜையிலிருந்து தப்பலாம், அக்காவின் லிஃப்ட் கையை விட்டுப் போகாது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு ஐந்து பேர் எள் விழ இடமில்லாமல் பிடுங்கி வைத்திருக்கிறார்களே? கதவருகில் ஒரு நிமிடம் நின்றார். அக்காவின் ஜன்னல் ஒரு தடவை கண்ணுக்குள் வந்துபோனது. உள்ளே போனார்.

“அணைக்கலை சார். நாங்க யாருமே அணைக்கிறதில்லை. இடைவெளி விடுன்னு கடையில சொன்னாங்க, நான்தான் விடலை. மத்த அஞ்சு பேரையும் இன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லிடுங்க.”

மேலாளர் அன்றைக்கே ஐந்து பேருக்கும் சொல்லியனுப்பினார். ஒரு பெட்டியில் லேப்டாப் கொதித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். அடுத்த மாதம் முதல் தேதி மெதுவா ஃபோன் மேஜையில் உட்கார்ந்தார். அக்காவின் கட்டடம் மீசை கணக்குக்குப் போனது.

அக்காவிடம் சொல்ல நேரில் போனார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

“கீழ் வீடு மறுபடி காலியாயிருக்காம். சுவரை நான் பூசித் தர்றேன். நாலு விளக்குப் போட்டுத் தர்றேன். வந்துடுக்கா. நான் சொன்ன வார்த்தையைக் காப்பாத்த முடியலை.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏழு வருஷமா காலையில எழுந்தா வெளிச்சத்துல எழுந்திருக்கேன். அது நீ கொடுத்தது. திரும்ப வாங்கிட்டுப் போக வந்தியா?”

“லிஃப்ட் நின்னா?”

“நின்னா கீழே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெட்டி உனக்கு இனிமே எதுக்கு? அதைக் கொடுத்துட்டுப் போ.”

புது லேப்டாப்புக்கு அந்தப் பள்ளம் பொருந்தாது. பிடுங்கிய ஸ்பாஞ்சு ஒட்டவும் ஒட்டாது. பெட்டியைத் தரைத்தளப் படிக்கட்டுக்கு அடியில் வைத்து, யாரும் தூக்கிப் போய்விடாமல் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டினார். உள்ளே கம்பி ஓடும் பெட்டிக் கைப்பிடி கடைசியில் சங்கிலிக்குத்தான் உதவியது.

ஃபோன் மேஜை முதல் வாரம் நரகமாக இருந்தது. திட்டுக்கு அஞ்சவில்லை, யார் முதலில் கூப்பிட்டாரோ அவருக்கு முதலில் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆள் அனுப்புகிற முறைதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவருக்குக் கட்டடங்கள் எண்களாகத் தெரியவில்லையே. நீலக் கட்டடம் என்றால் நாலாவது மாடியில் மூச்சுத்திணறல் உள்ள தையல்காரர். தபால் நிலையம் பக்கத்துக் கட்டடம் என்றால் இரட்டைக் குழந்தை பெற்ற பெண். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே, படி ஏற முடியாதவர் யார், எந்த மாடி என்று எழுதினார். உள்ளே மாட்டிக்கொண்டவர் முதல், அதற்கடுத்து நோட்டில் இருப்பவர், பிறகுதான் மற்றவர் என்று ஒரு வரிசை பிறந்தது. நூற்று முப்பது பேர் ஆனார்கள். அக்காவின் கட்டடத்துக்கு எதிரே மட்டும் அவர் எதுவும் எழுதவில்லை. எழுதினால் சொந்த அக்காவுக்காக நோட்டுப் போட்டான் என்று ஆகிவிடும் என்று கூச்சம். எழுத வேண்டிய அவசியமும் இல்லை, மறந்தால்தானே.

மூன்றாவது வாரம், ஒரு மதியம், அக்கா கூப்பிட்டார்.

“லிஃப்ட் நின்னு போச்சுங்க,” என்றார், வேண்டுமென்றே மரியாதையாக.

அந்தப் பக்கத்தில் மீசை ஒருவன்தான் இருந்தான். அக்காவின் கட்டடத்திலிருந்து நாலு தெரு தள்ளி. மெதுவா அவன் எண்ணை அழுத்தப்போன அதே நொடியில் அடுத்த ஃபோன் அடித்தது. நீலக் கட்டடம். லிஃப்டுக்குள்ளிருந்தே பேசினார் தையல்காரர். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது.

நீலக் கட்டடத்துக்குப் போகிற வழியில்தான் அக்காவின் கட்டடம் இருக்கிறது. அந்த லிஃப்டின் கோளாறு மெதுவாவுக்குத் தெரியும். மூன்றாவது மாடிக் கதவின் கொக்கி, பத்து நிமிட வேலை. பத்தே நிமிடம். மீசையிடம் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டான். யாரும் கேட்கப்போவதும் இல்லை.  நீ ஒரு படி ஏற வேண்டாம் என்று சொன்ன அவர் குரலே அவர் காதில் கேட்டது.

“மீசை, நீலக் கட்டடம். நேரா போ. எங்கேயும் நிக்காதே,” என்றார். தையல்காரரிடம், “இதோ வந்துட்டாங்க, உட்கார்ந்துக்குங்க, மெதுவா மூச்சு விடுங்க,” என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

“அக்கா, ஒரு மணி நேரமாகும்க்கா. நான்...”

“எனக்கு முன்னாடி யாருடா?”

“உள்ளே மாட்டிக்கிட்டார் ஒருத்தர். மூச்சுத்திணறல்.”

“அப்ப அவருக்குத்தானே முதல் டோக்கன். எனக்கு?”

“ரெண்டாவது.”

“ரெண்டாவது வந்ததுக்கா இவ்வளவு தடுமாறுறே? முப்பது வருஷமா ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் உட்கார வெச்சிருக்கேன். நான் உட்கார மாட்டேனா? நீ சொன்ன அந்த நோட்டுல என்னை எழுதியிருக்கியா?”

“நீ என் மனசுலயே இருக்கேக்கா.”

“எழுதுடா. உன் மனசுல இருந்தா நீ லீவு போட்ட அன்னிக்கு யார் பார்ப்பா?”

ஃபோனுக்குள் ஊன்றுகோல் சுவரில் சாய்கிற சத்தம் கேட்டது. இரும்புப் பட்டை தரையில் உரசியது. பிறகு ‘க்ரிச்’ என்று ஒரே ஒரு முனகல். அதன்பிறகு ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றபோது கேட்டது.

“உட்கார்ந்துட்டேன்,” என்றார் அக்கா. “நீ வேலையைப் பாரு.”

மெதுவா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். அந்தக் கட்டடத்துக்கு எதிரே காலியாக இருந்த இடத்தில், ஆறாவது மாடி, படி ஏற முடியாது, கீழே பெட்டியில் உட்கார்ந்திருப்பார் என்று எழுதினார்.